டர்போ சி நிரல், 3எஃப்8 போர்ட், இப்போது 64 பிட் விண்டோஸ்: எங்கிருந்து தொடங்குவது?

தராசுமுள் கேட்டது:

வணக்கம். டர்போ சி-யில் எழுதிய ஒரு பழைய நிரல் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. மூட்டையில் பொடி நிரப்பும் இயந்திரத்தை அது ஓட்டுகிறது. எடைக்கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை வரும். குறித்த எடை எட்டியதும் நிரல் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) விடுவிக்கும், கொட்டும் வாய் மூடிக்கொள்ளும். இத்தனை காலம் டாஸ் கணினியில் ஓடியது. அதன் மதர்போர்டு போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்திருப்பது 64 பிட் விண்டோஸ் கணினி. லினக்ஸ் போட்டுக்கொள்ளவும் தடையில்லை.

நிரலைத் திறந்து பார்த்தால் எங்கு திரும்பினாலும் வன்பொருளின் போர்ட் முகவரியில் நேராக எழுதும் அவுட்போர்ட்பி, அதிலிருந்து படிக்கும் இன்போர்ட்பி. சீரியலுக்கு ஹெக்ஸ் (16 அடிமான எண்) 3எஃப்8-லிருந்து 3எஃப்டி வரை எழுதுகிறார், படிக்கிறார். பைட் வந்ததும் வன்பொருள் எழுப்பும் இன்டரப்ட்டின் வெக்டர் 0சி-யைத் தன் ஃபங்ஷனுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். திரைக்கு, திரை நினைவகமான பி800 செக்மெண்டில் நேராக எழுத்தைப் போடுகிறார். பீப் சத்தத்துக்கு 43, 42, 61. ரிலேக்கு பிரிண்டர் போர்ட் 378-ன் முதல் பிட்.

என் கேள்விகள்: போர்ட்டைத் திறந்துவிடும் டிரைவர் ஏதோ இருக்கிறதாமே, அதைப் போட்டு அப்படியே ஓட்ட முடியுமா? முடியாதென்றால், இந்தப் போர்ட்டுக்கு இந்த ஃபங்ஷன் என்று ஏதாவது அட்டவணை உண்டா? கடைசியாக, எல்லாவற்றையும் இயங்குதளம் வழியாகக் கேட்டுச் செய்தால் தாமதமாகி, வாய் மூடுவதற்குள் மூட்டை நிறைந்து வழியாதா?

நள்ளிரவு கம்பைலர்:

டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள். அதன் கான்ஃபிக் கோப்பில் சீரியல்1 என்பதற்கு டைரக்ட்சீரியல் என்று கொடுத்து, உங்கள் நிஜமான காம் போர்ட் எது என்று சொல்லிவிட்டால் போதும். நிரல் 3எஃப்8-ஐத் தொடும், டாஸ்பாக்ஸ் அதை விண்டோஸிடம் எடுத்துச் சொல்லும். ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

பழையபலகை:

டாஸ்பாக்ஸ் யோசனையில் தவறில்லை, எடையைத் திரையில் பார்க்க உதவும். ரிலேதான் இடிக்கும். வழக்கமான டாஸ்பாக்ஸில் பிரிண்டர் போர்ட் கிடையாது. வாயை மூட வழியில்லாமல் எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கருவிகளோடு பேசும் பழைய நிரல்களைப் புது இயங்குதளத்துக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இதை எழுதியவரைத் திட்டாதீர்கள். அவர் போர்ட்டை நேராகத் தொட்டது திமிரில் இல்லை. டாஸிலும் இயங்குதள அழைப்புகள் இருந்தன. இன்டரப்ட் 21-ஐ அழைத்து, சிபியுவின் ஏஎச் ரெஜிஸ்டரில் 3எஃப் வைத்தால் கோப்பைப் படிக்கலாம், 40 வைத்தால் எழுதலாம். உங்கள் நிரலிலேயே பாருங்கள், எடைப் பதிவைக் கோப்பில் சேர்க்கும் இடத்தில் சாதாரண எஃப்ரைட்தான் இருக்கும். வட்டின் செக்டரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த வேலையை டாஸ் ஒழுங்காகச் செய்தது. சீரியலில் செய்யவில்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸின் இன்டரப்ட் 14, நாம் போய்க் கேட்டால் 'பைட் வந்திருக்கிறது' என்று சொல்லும். கேட்காத நேரத்தில் வந்ததை எடுத்து வைக்காது. அக்காலத்து 8250 சீரியல் சில்லில் வந்த பைட்டுக்கு ஒரே ஒரு இடம்தான். 9600 வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது வந்து இதை அழித்துவிடும். அதனால்தான் வெக்டர் 0சி-யைப் பிடித்து, வந்ததைச் சேர்த்துவைக்க சொந்தமாக ஒரு பஃபர் கட்டினார். திரையும் அப்படித்தான். இன்டரப்ட் 10 வழியாக எழுத்தெழுத்தாகப் போட்டால் திரை கண்ணெதிரே ஊரும். பி800-ல் 4000 பைட்டைக் கொட்டினால் சட்டென்று வந்துவிடும்.

எனவே ஒவ்வொரு போர்ட் வரியையும் பார்க்கும்போது 'இயங்குதளத்தில் என்ன குறை இருந்ததால் இதை எழுதினார்' என்று கேளுங்கள். அந்தக் குறை இன்று தீர்ந்திருந்தால் அந்த வரிக்கு ஈடு தேட வேண்டாம், வரியே போய்விடும்.

டிரைவர் விஷயம். 1985-ல் வந்த 80386-லேயே, எந்தப் போர்ட்டை எந்த நிரல் தொடலாம் என்று பிட் பிட்டாகக் குறித்துவைக்கும் வசதி வந்துவிட்டது. அனுமதியில்லாத நிரல் அவுட் கட்டளையைப் போட்டால் சிபியு அதைச் செய்யாமல் 13-ம் எண் ஃபால்ட்டை எழுப்பி, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் பிடித்துக் கொடுத்துவிடும். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 வந்ததிலிருந்து அந்த வரிசை முழுக்க இப்படித்தான். விண்டோஸ் 95-ம் 98-ம் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டன. எக்ஸ்பி-யில் டாஸ் நிரலுக்கென்று ஒரு போலிக் கணினியை உருவாக்கி, அதற்குள் 3எஃப்8 இருப்பதுபோல நடித்துச் சமாளித்தார்கள். 64 பிட் விண்டோஸில் அந்த நடிப்பும் இல்லை. 16 பிட் எக்ஸி கோப்பு தொடங்கவே தொடங்காது.

போர்ட்டைத் திறந்துவிடும் டிரைவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். அது கர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு யார் கேட்டாலும் எந்தப் போர்ட்டையும் தொட்டுத் தரும். கேட்பது உங்கள் நிரலா, வைரஸா என்று அதற்கு அக்கறையில்லை. அதெல்லாம் கிடக்கட்டும், இதைவிட நேரான காரணம் ஒன்று இருக்கிறது: உங்கள் புதுக் கணினியில் 3எஃப்8-ல் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். யுஎஸ்பி-யில் செருகும் சீரியல் அடாப்டர்தானே வாங்கப்போகிறீர்கள்? அதற்கு 3எஃப்8 என்ற முகவரியே கிடையாது. அது யுஎஸ்பி பொட்டலங்களாகப் பேசும். டிரைவர் கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே ஆள் இல்லை. படித்தால் எஃப்எஃப் எஃப்எஃப் என்றுதான் வரும்.

அட்டவணையும் கிடையாது, கேட்காதீர்கள். சீரியலை எடுத்துக்கொள்வோம். நிரலின் தொடக்கத்தில் நான்கு வரி இப்படி இருக்கும்: 3எஃப்பி-க்கு 80, 3எஃப்8-க்கு 0சி, 3எஃப்9-க்கு 00, மறுபடி 3எஃப்பி-க்கு 03. முதல் வரி வேகத்தை எழுதும் கதவைத் திறக்கிறது. அடுத்த இரண்டும் சேர்ந்து 12 (ஹெக்ஸில் 0சி) என்ற வகுஎண். 115200-ஐ 12-ஆல் வகுத்தால் 9600. கடைசி வரி கதவை மூடி, 8 பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்கிறது. கடைசி வரியில் 03-க்குப் பதில் 1ஏ இருந்தால் 7 பிட், ஈவன் பாரிட்டி. எடைக்கருவிகளில் இதையும் பார்க்கலாம், உங்களுடையது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு வரியும் சேர்ந்து சொல்வது ஒரே செய்தி. விண்டோஸில் கிரியேட்ஃபைல் கொண்டு காம் போர்ட்டைத் திறந்து, டிசிபி என்ற அமைப்பில் அதே செய்தியை நிரப்பி, செட்காம்ஸ்டேட் அழையுங்கள். லினக்ஸில் ஓப்பன், பிறகு டிசிசெட்அட்டர்.

அதன்பின் வரும் வெக்டர் திருப்புதல், போர்ட் 21-ல் இன்டரப்ட்டைத் தடுக்கும் மாஸ்க்கை நீக்குதல், போர்ட் 20-க்கு 20 எழுதி இன்டரப்ட் முடிந்தது என்று சொல்லுதல், சுற்றிச்சுற்றி வரும் பஃபர், இவை எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அத்தனையும் இப்போது கர்னல் டிரைவரின் வேலை.

படிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ரீட்ஃபைல் ஒரு முழு எடையைத் தரும் என்று நம்பாதீர்கள். 'பிளஸ் 0012' மட்டும் ஒரு முறை வரும், மிச்சம் அடுத்த முறை வரும். சில நேரம் ஒன்றரை எடை சேர்ந்து வரும். வந்ததை உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவு கிடைத்த பிறகுதான் எண்ணாக மாற்ற வேண்டும். பாதி எண்ணை, எழுத்தை எண்ணாக மாற்றும் ஏடிஓஎஃப்-க்குக் கொடுத்தால் அதுவும் ஒரு எடையைச் சொல்லும், தவறான எடையை.

லினக்ஸில் இதற்கு ஒரு சொகுசு உண்டு. சீரியல் போர்ட்டை கேனானிக்கல் முறையிலேயே விட்டால் ஒரு ரீடுக்கு ஒரு முழு வரி கிடைக்கும். கருவி வரிக்கடைசியில் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு வரிமுடிவுக் குறிகளையும் அனுப்பினால் இடையிடையே வெற்று வரி வரும். ஐஜிஎன்சிஆர் போட்டு சிஆரை விழுங்கச் சொல்லுங்கள். எக்கோவை மறக்காமல் அணையுங்கள். லினக்ஸ் இதை ஒரு டெர்மினல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அணைக்காவிட்டால் கருவி அனுப்பும் ஒவ்வொரு எழுத்தையும் கருவிக்கே திருப்பி அனுப்பும். சில கருவிகள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கும். அப்புறம் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்.

திரை சுலபம். ரைட்கன்சோல்அவுட்புட் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் கேட்கும் அணியும் எழுத்து, நிறம், எழுத்து, நிறம் என்று பி800 மாதிரியேதான் இருக்கும். நிற எண்களும் பழையவையே; முன்பு மினுக்கிய பிட் மட்டும் இப்போது பின்னணியைப் பளிச்சென்று ஆக்கும். 80 க்கு 25 அணியொன்றை நீங்களே வைத்துக்கொண்டு, பி800-ல் எழுதிய பழைய வரிகளை அதற்குத் திருப்பிவிட்டு, கடைசியில் ஒரே அழைப்பில் கொட்டுங்கள். லினக்ஸ் என்றால் என்கர்சஸ் என்ற திரை நூலகம்.

பீப்புக்கு விண்டோஸில் பீப் என்றே ஃபங்ஷன் இருக்கிறது, அதிர்வெண்ணும் நேரமும் கொடுத்தால் போதும். ஆனால் ஒலித்து முடியும்வரை திரும்பி வராது. 61-ல் இரண்டு பிட்டை ஏற்றிவிட்டு நிரல் தன் வழியில் போய்க்கொண்டே இருந்ததே, அது இங்கே இல்லை. 'எடை நெருங்குகிறது' என்று அரை செகண்ட் ஒலிக்க விட்டால் அந்த அரை செகண்ட் வாய் திறந்தே இருக்கும். தனி திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) போடுங்கள்.

வேகத்துக்கு வருவோம். போர்ட்டை நேராகத் தொடுவது வேகம் என்பது பழகிப்போன நம்பிக்கை. அந்தப் பழைய முகவரிகளில் ஒரு இன்போர்ட்பி இன்றைய கணினியிலும் ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்ட் எடுக்கும், ஏனென்றால் அந்தப் பக்கம் இருப்பது பழைய பஸ்ஸின் வேகம். கர்னலுக்குள் போய்வரும் ஒரு சாதாரண அழைப்பு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். அழைப்பில் நேரம் போவதில்லை. உங்கள் நிரலின் முறை எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லாததுதான் நிஜமான வித்தியாசம். டாஸில் சிபியு முழுக்க உங்களுடையது, இன்டரப்ட்டுகளைத் தடுக்கும் சிஎல்ஐ கட்டளையைப் போட்டால் கடிகாரம்கூடக் குறுக்கிடாது. இங்கே வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது, தூங்கி எழுந்து பார்க்கும் பழக்கத்தை விடுவது. ஸ்லீப் 1 என்று போட்டால் விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பில் அது 15 மில்லிசெகண்ட் வரை இழுக்கும். ரீட்ஃபைலிலேயே காத்திருங்கள், பைட் வந்தவுடன் கர்னல் எழுப்பிவிடும். அடாப்டரையும் பாருங்கள். எஃப்டிடிஐ சில்லு கொண்டவை கொஞ்சம் பைட் சேரட்டும் என்று 16 மில்லிசெகண்ட் வரை பிடித்துவைக்கும். லேட்டன்சி டைமர் என்ற அமைப்பில் அதைக் குறைக்கலாம்.

ரூட்ஷெல்:

பழையபலகை சார் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். லினக்ஸில் ஐஓபெர்ம் என்று முறையான அழைப்பே இருக்கிறது. ரூட் அனுமதியோடு 378-லிருந்து மூன்று போர்ட் வேண்டும் என்று கர்னலிடம் கேட்டு வாங்கிவிட்டால், பிறகு அவுட்பி நேராகப் போகும், கர்னல் குறுக்கே வராது. 80386-ன் அந்த பிட் பட்டியலைத்தான் அது உங்களுக்காகத் திருத்துகிறது. மதர்போர்டில் நிஜமான பிரிண்டர் போர்ட் இருந்தால் ரிலே பகுதியை ஒரு வரியும் மாற்றாமல் ஓட்டிவிடலாமே. எல்லாவற்றையும் ஏன் தூக்கிப்போட வேண்டும்?

பழையபலகை:

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் நிரல் ரூட்டாகத் தொடங்க வேண்டியிருக்கும், பிரிண்டர் டிரைவர் அதே போர்ட்டைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும், பிசிஐ கார்டு போட்டால் முகவரி 378-ஆக இருக்காது. அதே லினக்ஸில் பிரிண்டர் போர்ட்டுக்கென்றே பிபிடெவ் என்ற டிரைவர் இருக்கிறது. பார்போர்ட்0 என்ற கோப்பைத் திறந்து, பிபிக்ளெய்ம் கொடுத்து, பிபிடபிள்யூடேட்டா கொண்டு பைட்டை எழுதினால் வேலை முடிந்தது. நான் கேட்டு வாங்கிய போர்ட்டை இன்னொருவர் பிடுங்க மாட்டார். ஐந்தாறு வரி கூடுதல், அவ்வளவுதான். எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடும் ஐஓபிஎல் அழைப்பைப் போட்டு சிஎல்ஐ-யும் செய்யலாம் என்று யாராவது வந்து சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கர்னல் 5.5-லிருந்து அந்த சிஎல்ஐ வசதியும் போயிற்று.

தராசுமுள், யுஎஸ்பி-யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளை ரிலேக்கென்று வாங்கிவிடாதீர்கள். அது அச்சுப்பொறியோடு மட்டும் பேசும். எட்டுக் கம்பிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்க அதில் வழியில்லை.

தராசுமுள்:

நன்றி சார். பாதி தூரம் வந்துவிட்டேன். விண்டோஸிலேயே இருக்கலாம் என்று முடிவு. கடைசி வரியில் 1ஏ-தான் இருந்தது, நீங்கள் சொல்லாவிட்டால் 8 பிட் என்று வைத்து மண்டையை உடைத்திருப்பேன். எடை வருகிறது.

இப்போது மூன்று சந்தேகம். யுஎஸ்பி அடாப்டரை வேறு துளையில் செருகியதும் காம்12 ஆகிவிட்டது, கிரியேட்ஃபைல் 'கோப்பு இல்லை' என்கிறது. ரிலேக்கு, அதே சீரியல் போர்ட்டில் 'கணினி தயார்' என்று காட்டும் டிடிஆர் கம்பியைப் பயன்படுத்தலாமா? எஸ்கேப்காம்ஃபங்ஷன் கொண்டு ஏற்றி இறக்கலாம் என்று படித்தேன். அப்புறம் நிரலில் 0.35 என்று ஓர் எண் காரணமே எழுதாமல் இருக்கிறது, இலக்கு எடையிலிருந்து அதைக் கழிக்கிறார்.

நள்ளிரவு கம்பைலர்:

காம்12-க்கு நான் சொல்கிறேன். காம்1 முதல் காம்9 வரை வெறும் பெயர் போதும். 10 முதல் பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு சேர்க்க வேண்டும். சி-யில் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிக்க வேண்டும் என்பதால் பார்க்க அசிங்கமாக இருக்கும், சரியாகத்தான் இருக்கும். காம்1-க்கும் இதே வடிவம் வேலை செய்யும், அதனால் எப்போதும் இப்படியே எழுதிவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் போய் எண்ணை மாற்றியும் வைக்கலாம்.

பழையபலகை:

0.35-ஐத் தொடாதீர்கள், இப்போதைக்கு. வாய் மூடிய பிறகும் காற்றில் இருக்கும் பொடி மூட்டையில் வந்து விழுமே, அதற்காக முன்கூட்டியே மூடும் அளவு அது. பழைய கணினியின் தாமதமும் ரிலேயின் தாமதமும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. புது நிரலின் தாமதம் வேறு, ஆகவே ஓட்டிப் பார்த்து அந்த எண்ணைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணை நிரலுக்குள் புதைக்காமல் அமைப்புக் கோப்பில் எடுத்து வையுங்கள்.

டிடிஆர் பற்றி. முடியும். கம்பியிலிருந்து வரும் மின்னோட்டம் ரிலே சுருளை இழுக்கப் போதாது, நடுவில் ஒளி வழியாக இணைக்கும் ஆப்டோகப்ளரோ டிரான்சிஸ்டரோ வேண்டும். ஆனால் போர்ட்டைத் திறக்கும் கணத்தில் அந்தக் கம்பி எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். லினக்ஸ், திறந்தவுடன் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கம்பிகளையும் தானே ஏற்றிவிடும். விண்டோஸில் டிசிபி-யில் டிடிஆர் கண்ட்ரோல் டிசேபிள் என்று கொடுத்து இறக்கி வைக்கலாம், ஆனால் அதுவும் செட்காம்ஸ்டேட் ஓடிய பிறகுதான். நிரல் தொடங்கும்போது வாய் ஒரு கணம் திறந்து மூடினால் உங்களுக்குப் பரவாயில்லையா? எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சீரியல் போர்ட்டாகவே தெரியும் யுஎஸ்பி ரிலே பலகைகள் இருக்கின்றன, குறித்த பைட்டுகளை ரைட்ஃபைலில் அனுப்பினால் ரிலே இழுக்கும். நான் அதைத்தான் எடுப்பேன். போர்ட்டைத் திறப்பதால் மட்டும் அது அசையாது.

அதே நேரம் டிடிஆரில் ஒரு நல்லதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நிரல் நடுவில் செத்துப்போனால் இயங்குதளம் அது திறந்துவைத்த போர்ட்டை மூடும், மூடும்போது வழக்கமாக டிடிஆர் இறங்கும், வாய் மூடிக்கொள்ளும். 378 அப்படி இல்லை, எழுதிய பிட் எழுதியபடியே நிற்கும். யுஎஸ்பி ரிலே பலகையும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே கட்டளை வராமல் இருந்தால் தானாக விடுவித்துக்கொள்ளும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குறுக்கே ஒரு டைமர் ரிலே.

உங்கள் பழைய நிரலில் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். வாய் திறந்திருக்கும்போது எடைக்கருவி பேசுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்கிறது? இப்படிப்பட்ட நிரல்கள் பெரும்பாலும் 'வைல்' சுழலில் அடுத்த எடைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் செட்காம்டைம்அவுட்ஸில் ரீட்இன்டர்வல்டைம்அவுட், ரீட்டோட்டல்டைம்அவுட்மல்டிப்ளையர் இரண்டையும் மேக்ஸ்டிவேர்ட் என்றும், ரீட்டோட்டல்டைம்அவுட்கான்ஸ்டன்ட்டை 500 என்றும் வையுங்கள். ரீட்ஃபைல் வெற்றி என்று சொல்லி பூஜ்யம் பைட் தந்தால் அரை செகண்டாக ஒன்றும் வரவில்லை என்று பொருள். உடனே வாயை மூடிவிட்டு அப்புறம் திரையில் செய்தி போடுங்கள். ரீட்ஃபைல் தோல்வி என்று வந்தால் அடாப்டரையே யாரோ பிடுங்கியிருக்கலாம், அப்போதும் முதலில் வாய்.

தராசுமுள்:

பார்த்தேன் சார், நீங்கள் சொன்னதுபோல் வைல் சுழல்தான். டைம்அவுட் சேர்க்கிறேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகாமல் மேசையிலேயே இதைச் சோதிக்க வழி உண்டா?

ரூட்ஷெல்:

விண்டோஸில் காம்0காம் என்ற மென்பொருள் இரண்டு போலி காம் போர்ட்டுகளை ஒன்றோடொன்று கட்டித் தரும். ஒரு முனையை உங்கள் நிரல் திறக்கட்டும். மறுமுனையில் சின்ன பைத்தான் நிரலொன்று பத்தில் ஒரு செகண்டுக்கு ஒரு வரி என்று எடையை ஏற்றிக்கொண்டே அனுப்பட்டும். லினக்ஸ் என்றால் சோகேட் இதே வேலையைச் செய்யும். வரியை நடுவில் உடைத்து, இடைவெளி விட்டு அனுப்பிப் பாருங்கள். பிறகு எடை பாதியில் இருக்கும்போது பைத்தான் நிரலைக் கொன்றுவிட்டு, அரை செகண்டில் மூடும் கட்டளை போகிறதா என்று பாருங்கள்.

பழையபலகை:

பைத்தான் பக்கமும் 7 பிட், ஈவன் பாரிட்டி என்றே வையுங்கள். ஆனால் போலி போர்ட் பாரிட்டியை நிஜக் கம்பிபோல் சோதிக்கும் என்று நம்ப வேண்டாம். அதை மட்டும் நிஜ எடைக்கருவியோடு, ரிலே கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிடுங்கள்.